விரலிழந்த வாத்தியக்காரர்

இரும்புப் பட்டறைகளுக்குப் பேர்போன பர்மிங்ஹாம் நகரத்தில் 1965-ம் வருஷம் நடந்த ஒரு விபத்தைப் பற்றி மேனாட்டுச் சங்கீதப் பிரியர்கள் அடிக்கடி சிலாகித்துப் பேசுவதுண்டு. விபத்தையும் சிலாகிப்பார்களா என்று நமது நேயர்கள் ஆச்சரியப்படலாம். விஷயத்தைக் கேட்டால் ஆச்சரியம் கோபமாக மாறவுங் கூடும்.

டோனி அயோமி என்ற 17 வயது வாலிபர் அங்கே ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் இரும்பைப் பற்றவைக்கும் வேலை செய்துவந்தார். ஓய்வு வேளைகளில் கித்தார் வாசிப்பார். ஜெர்மனிக்குச் செல்லவிருந்த ஒரு வாத்தியக் கோஷ்டி அவரைச் சேர்த்துக்கொள்ளவே, வேலையைவிட்டு விலகிக்கொண்டார். கடைசி நாளன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. எடுத்த வேலையை முடித்துவிட்டு வரும்படி தாயார் அனுப்பிவைத்தார். அன்று தகடழுத்தும் யந்திரத்தின் ஆள் வரவில்லை. அதில் பழக்கமே இல்லாத இவரை அதன்முன் நிறுத்தினார்கள். வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் போயின. இடக்கைப் பழக்கமுள்ளவராகையால், தந்தியை அழுத்த அவருக்கு உதவிய கை அதுவே. இனி வாசிக்க முடியாதென்று வைத்தியர்கள் கூறிவிட்டனர்.

மனமுடைந்து கிடந்தவரைத் தேடிவந்தவர் தொழிற்சாலை மேஸ்திரி. அவர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் செய்தார். அதில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-ல் தீயில் கருகிய இடக்கையில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டே ஐரோப்பாவை மயக்கியவர். இதைக் கேட்டபின் அயோமி, ஸோப்புத் திரவம் வைத்த பிளாஸ்டிக் புட்டியொன்றை உருக்கி, விரல்களுக்கு உறை வார்த்து, அதன்மேல் தோலை ஒட்டிக்கொண்டார். கனத்த தந்திகள் வலித்தன. மெல்லிய தந்தி செய்து தரக் கம்பெனிகள் மறுத்தன. பாஞ்சோ வாத்தியத்தின் தந்திகளை எடுத்துப் பூட்டினார். 1971-ல் சுருதியையும் தாழ்த்திக்கொண்டார். தந்தி தளர்ந்தது, நாதம் கனத்தது.

1968-ல் ஆஸ்டன் பகுதி வாலிபர் மூவருடன் அவர் ஆரம்பித்த கோஷ்டியே பிற்பாடு ‘பிளாக் ஸப்பாத்’ என்று பெயர் பெற்றது. பாடகர் ஆஸ்பர்ன் கசாப்புக் கொட்டடியில் வேலை பார்த்தவர். முதல் இசைத்தட்டு ஒரே நாளில் பதிவாகி 1970 பிப்ரவரியில் வெளிவந்தது. விமர்சகர்கள் பழித்தனர், ஜனங்கள் வாங்கினர். அவ்வருஷமே வந்த இரண்டாவது தட்டு பிரிட்டனில் முதலிடம் பெற்றது. நம்மை ஆண்ட தேசமென்றதும் பிரபுக்களையே நினைத்துப் பழகியவர்கள் நாம். ஆஸ்டன் சந்துகளின் இங்கிலாந்து வேறு.

யந்திரம் விரலைப் பறித்து ஒரு புதிய சங்கீதத்தைக் கொடுத்ததென்று ரஸிகர்கள் கதை சொல்லுகிறார்கள். நாம் இதை ஒப்பமாட்டோம். யந்திரம் கொடுத்தது காயம். மற்றதையெல்லாம் ஒரு தொழிலாளியின் பிடிவாதமும் ஒரு மேஸ்திரியின் நல்ல மனமும் கொடுத்தன. பழகாத கையை யந்திரத்தில் கொடுக்கச் செய்வது எந்த நியாயஸ்தலத்தில் தர்மமாகும்? விரலிழந்து வீடு திரும்பிய எத்தனையோ பேருடைய பெயர் எந்த இசைத்தட்டின் உறையிலும் அச்சாகவில்லை. தொழிலாளர் கூட்டங்களில் பேசும் தோழர்கள் மனவுறுதிக்கு உதாரணமாக இவ்வரலாற்றைத் தாராளமாய்ச் சொல்லட்டும்; அந்தக் கடைசி நாள் மத்தியானத்தை மட்டும் விட்டுவிடாமல் சொல்ல வேண்டுகிறோம்.

2025 ஜூலை 5-ந் தேதி, ஆஸ்டனிலுள்ள வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் கடைசி முறையாகச் சேர்ந்து வாசித்தார்கள். நோயுற்றிருந்த ஆஸ்பர்ன் ஆசனத்தில் அமர்ந்தபடியே பாடினார். பதினேழாம் நாள் காலமானார். மிஸ்டர் அயோமி அன்றும் விரல்களில் உறையணிந்தே வாசித்தார்.