கம்ப்யூட்டர் பள்ளிக்கூடம்: நள்ளிரவு 1 மணிக்கு வகுப்பு!

"ஆன்லைன்" உயர்நிலைப்பள்ளியில் பெயரைப் பதிந்துவிட்டு, வெளிநாட்டில் தங்கிப் படிக்கக் கிளம்பும் மாணவ-மாணவிகளைக் கடிகாரமும் விசாவும் திண்டாட வைக்கின்றன.

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 2006-ம் ஆண்டு இப்படி ஒரு பள்ளியைத் தொடங்கியது. 7 முதல் 12-ம் வகுப்பு வரை உண்டு. ஆசிரியரும் மாணவர்களும் ஒரே நேரத்தில் திரையில் கூடிப் பாடம் நடக்கிறது.

தூக்கம் போச்சு

கலிபோர்னியாவில் காலை 9 மணி என்றால் ஸ்பெயினில் மாலை 6 மணி. சமாளித்துவிடலாம். ஜப்பானிலோ கோடையில் நள்ளிரவு 1 மணி, குளிர்காலத்தில் 2 மணி! பகலில் அந்த ஊர் பள்ளிக்கும் போகிற பிள்ளை எப்போது தூங்கும்?

விசா கிடையாது

வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு வேறு சிக்கல். முழுக்க ஆன்லைனில் படிக்க அங்கே மாணவர் விசா தருவதில்லை.

கொரோனா பரவிய 2020 ஜூலை 6-ந்தேதி, வகுப்பு முழுவதும் ஆன்லைனில் நடந்தால் வெளிநாட்டு மாணவர்கள் வெளியேறவேண்டும் என்று அரசு அறிவித்தது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் கோர்ட்டுக்குப் போயின. 14-ந்தேதி அறிவிப்பு வாபஸ்! ஆனால் அந்தக் கொரோனா சலுகை 2023 மே மாதத்தோடு முடிந்துவிட்டது.

விமான டிக்கெட் எடுக்கும் முன்பே பள்ளியில் வகுப்பு நேரத்தையும், தூதரகத்தில் விசாவையும் விசாரித்துக்கொள்வது நல்லது.