பம்பாய் டாக்ஸியின் தகப்பனார்

பிழைப்புத் தேடி பம்பாய்க்கு வந்த நம்மவர்களில் பிரீமியர் பத்மினி டாக்ஸியில் ஏறாதவர் அபூர்வம். டிரங்குப் பெட்டியும் படுக்கையும் கூரைக் கேரியரில் ஏறும். பின் ஸீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்காருவார்கள். நடுவில் அகப்பட்டவர் பாடுதான் திண்டாட்டம். கால் வைக்கும் இடத்தில் தரை மேடாகப் புடைத்திருப்பதால், முழங்கால் மோவாயைத் தொடும்படி குந்திக்கொண்டு போக வேண்டும்.

அந்த மேடு ஏன் வந்தது, பிறகு எப்படி மறைந்தது என்பது சுவையான சங்கதி. மேடுள்ள அந்தக் காரை உருவாக்கியவரும், மேட்டை ஒழிக்க வழி கண்டவரும் ஒரே மனிதர் என்பதுதான் இதில் விசித்திரம். அவர் டான்டே ஜாகோசா என்ற இத்தாலிய எஞ்சினீயர்.

1905-ல் ரோமில் பிறந்த ஜாகோசா, டூரின் நகரில் எஞ்சினீயரிங் படித்துவிட்டு 1928-ல் ஃபியட் கம்பெனியில் சேர்ந்தார். 1936-ல் வெளிவந்த குட்டிக் கார் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 569 ஸி.ஸி. எஞ்சின் கொண்ட அந்த வண்டிக்கு இத்தாலியர் செல்லமாக இட்ட பெயர் 'டோப்போலினோ'. சுண்டெலி என்று அர்த்தம். யுத்தம் முடிந்து, 1953-ல் ஃபியட் 1100 புது உருவம் பெற்றபோதும் பொறுப்பு ஜாகோசாவுடையதே. நம்முடைய பத்மினி இந்தக் காரின் வம்சம்தான். அதன் 1089 ஸி.ஸி. எஞ்சினின் பூர்வீகம் இன்னும் பழையது, 1937-க்குப் போகிறது.

அந்த வண்டி பம்பாய் வந்தது வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் மூலம். 1950-களில் சர்க்கார் ஒரு கண்டிப்பு செய்தது. வெளிநாட்டு உதிரிகளைக் கொண்டுவந்து பூட்டி விற்பவர்களுக்கு இங்கே இடமில்லை, உள்நாட்டிலேயே தயாரிப்பவர்கள்தான் நிலைக்கலாம் என்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. கார் சந்தையில் மிஞ்சியவை மூன்று: கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடர், சென்னையில் ஸ்டாண்டர்டு, பம்பாய் குர்லாவில் ஃபியட். போட்டி இல்லை, புது மாடலுக்கு அவசரமும் இல்லை. பணம் கட்டியவர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். 1970-களில் ஃபியட் என்ற பெயர் போய்ப் பத்மினி என்ற பெயர் வந்தது. உள்ளே இருந்தது அதே வண்டிதான்.

இனி அந்த மேட்டுக்கு வருவோம். பத்மினியில் எஞ்சின் முன்னால் நெடுக்கு வாட்டில் இருக்கிறது. அதன் பின்னே கியர் பாக்ஸ். சுழல வேண்டியவையோ பின் சக்கரங்கள். எஞ்சினின் பலத்தைப் பின்னால் கொண்டுபோக, வண்டியின் அடியில் ஒரு நீண்ட தண்டு ஓடுகிறது. மெக்கானிக்குகள் அதைப் புரொபெல்லர் ஷாஃப்ட் என்பார்கள். அந்தத் தண்டுக்கு இடம் விடத்தான் தரையை மேடாக்கியிருக்கிறார்கள். காரின் நீளத்தில் பெரும்பங்கை யந்திரம் விழுங்கிவிடுகிறது, மிச்சம்தான் மனிதருக்கு.

முன் சக்கரங்களையே சுழல வைத்தால் தண்டு வேண்டாமே என்று அப்போதே யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றியது. ஃபியட்டிலேயே 1930-களின் தொடக்கத்தில் அப்படி ஒரு சோதனை வண்டி செய்தார்கள். கம்பெனியின் ஸ்தாபகர்களில் ஒருவரும் அதன் தலைவருமான ஜியோவானி அன்யெல்லி அதில் ஏறிப் போனபோது வண்டி தீப்பிடித்துக்கொண்டது. பெரியவர் உயிர் தப்பியதும் முதல் காரியமாக, இனி முன் சக்கர வண்டி என்ற பேச்சே கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். முதலாளி ஒரு முறை பயந்தால் ஆபீஸில் என்ன நடக்கும் என்பது குமாஸ்தாக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பயம் ஃபியட்டில் முப்பது வருஷம் நீடித்தது.

இதற்கிடையில் இங்கிலாந்து முந்திக்கொண்டது. 1956-ல் சூயஸ் கால்வாய்த் தகராறு வந்து அங்கே பெட்ரோலுக்கு ரேஷன் வைத்தார்கள். சிக்கனமான சின்னக் கார் வேண்டுமென்று பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் தன் எஞ்சினீயர் அலெக் இஸிகோனிஸிடம் சொன்னது. அவர் எஞ்சினைக் குறுக்கு வாட்டில் திருப்பி வைத்து, கியர் பாக்ஸை அதன் அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அடக்கிவிட்டார். 1959-ல் வெளிவந்த 'மினி' காரின் நீளம் பத்தே அடி. அதில் நான்கு பேர் தாராளமாக உட்கார முடிந்தது.

1895-ல் தொடங்கிய 'ஆட்டோகார்' போன்ற மோட்டார் பத்திரிகைகளுக்கு இது நல்ல தீனி. காரின் மேல் தோலை உரித்து உள்ளே உள்ளதையெல்லாம் காட்டும் படங்களுக்கு அவை பேர் போனவை. போட்டோவைவிட அந்தக் கைச்சித்திரம் மேல். எந்தப் பல்சக்கரம் எதைத் தள்ளுகிறது என்பதை எஞ்சினீயரிங் படிக்காதவரும் விரலால் தொட்டுத் தொட்டுப் புரிந்துகொள்ளலாம்.

மினியில் ஒரு குறை உண்டு. எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய். எஞ்சின் கேட்கும் குணம் வேறு, கியர் பற்கள் கேட்கும் குணம் வேறு. ஜாகோசா யோசித்த வழி எளியது. எஞ்சினைக் குறுக்கே வை. கியர் பாக்ஸை அடியில் திணிக்காதே, எஞ்சினின் பக்கவாட்டில் அதே வரிசையில் மாட்டு. அகலத்துக்குள் அடங்குவதற்காக கிளட்சு அமைப்பைச் சுருக்கினார்.

அப்போதும் ஃபியட் தன் பெயரில் துணியவில்லை. தனக்குப் பங்குள்ள ஆட்டோபியாங்கி என்ற சின்னக் கம்பெனியின் பெயரில் 1964-ல் 'பிரிமுலா' காரை விட்டுப் பார்த்தது. தோற்றால் பழி அங்கே போகட்டும் என்ற கணக்கு! தோற்கவில்லை. 1969-ல் அதே அமைப்பில் ஃபியட் 128 வந்தது. ஐரோப்பிய மோட்டார் பத்திரிகையாளர்கள் அதை 1970-ன் சிறந்த காராகத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. 1974-ல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபும் குறுக்கு எஞ்சினோடுதான் வந்தது.

இந்தக் காலம் முழுவதும் குர்லாவில் 1953-ன் கார் இறங்கிக்கொண்டிருந்தது. தகப்பனாரின் இளைய பிள்ளை ஊரை ஆள, மூத்த பிள்ளை நம் ஊரில் மீட்டர் போட்டு ஓடிக்கொண்டிருந்த கதைதான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதுதான் குறுக்கு எஞ்சின் நம் தெருவுக்கு வந்தது. 796 ஸி.ஸி., மூன்றே சிலிண்டர். பத்மினியைவிட அரை மீட்டருக்கு மேல் நீளம் குறைவு. தண்டும் இல்லை, மேடும் இல்லை. பிரீமியர் விழித்துக்கொண்டிருக்க வேண்டாமா? 1985-ல் அவர்கள் கொண்டுவந்த 118 என்.இ. காரின் உடல் 1966-ன் ஃபியட் 124; எஞ்சின் ஜப்பானின் நிஸான். பின் சக்கரமும் நீண்ட தண்டும் அப்படியே! என் அபிப்பிராயத்தில் அந்தக் கம்பெனி வாய்ப்பைத் தவறவிட்டது அங்கேதான்.

பத்மினியைக் குறை சொல்லி மட்டும் விட்டுவிடுவது நியாயமல்ல. கியரை ஸ்டியரிங் தண்டிலேயே வைத்ததால் முன்னாலும் நீள ஸீட் போட முடிந்தது. எஞ்சின், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் தனித்தனியாக, கை எட்டும்படி இருந்ததால், மழைத் தண்ணீரில் நின்றுபோன வண்டியைச் சாலை ஓரத்து மெக்கானிக் இரண்டு ஸ்பேனரோடு கிளப்பிவிடுவார். குறுக்கு எஞ்சின் வண்டியில் கிளட்சு பிளேட் மாற்றுவதற்குள் முன் சக்கரத் தண்டுகளையும் கழற்ற வேண்டியிருக்கிறது. காஸ் சிலிண்டர் வந்து டிக்கியை அடைத்துக்கொண்ட காலத்திலும் கூரைக் கேரியர் கைகொடுத்தது. சொந்த வண்டி வைத்திருந்த டிரைவர்கள் அதை விட மனமில்லாமல் இருந்ததற்கு இதெல்லாம் காரணம்.

ஜாகோசா 1996-ல் டூரினில் காலமானார். சில ஆண்டுகளில் பத்மினியின் உற்பத்தியும் நின்றது. கடைசி பத்மினி டாக்ஸி பதிவானது 2003 அக்டோபர் 29-ல். டாக்ஸிக்கு இருபது வருஷமே ஆயுள் என்ற விதிப்படி 2023 அக்டோபர் 30 முதல் பம்பாய்த் தெருக்களில் பத்மினி டாக்ஸி கிடையாது.

அதன் இடத்தைப் பிடித்த கறுப்பு மஞ்சள் வண்டிகளில் ஏராளமானவை ஸான்ட்ரோ. ஜாகோசா காட்டிய வழியில் எஞ்சின் குறுக்கே, கியர் பாக்ஸ் பக்கத்தில். 1998 முதல் அவை இறங்கியது ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில்.