காலிங் பெல் அடிச்சா யார் எழுந்து போறது?

இந்த எபிசோட் ஒரு மெயிலில் இருந்து ஆரம்பிக்குது. நம்ம நேயர் ஒருத்தர், சின்ன கம்பெனி ஒன்றில் சர்வர் பார்த்துக்கிறவர், எழுதியிருந்தார். சாயங்காலம் ஏழு மணி ஆனா அவங்க சைட் திணற ஆரம்பிச்சிடுது. 8 கோர் மெஷின். 'டாப்' ஓட்டிப் பார்த்தா முதல் கோர் மட்டும் 100 சதவீதம், மத்த ஏழும் ஈ ஓட்டிக்கிட்டு இருக்கு. மேனேஜர்கிட்ட பேசி 16 கோர் மெஷினுக்கு மாறினாங்க. பில் ஏறிச்சு. இப்போ ஒரு கோர் 100, மத்த பதினைஞ்சும் சும்மா. "அண்ணா, நான் எங்க தப்பு பண்ணேன்? அடுத்த வாரம் மேனேஜருக்குப் பதில் சொல்லணும்"னு முடிச்சிருந்தார்.

தம்பி, நீங்க பெருசா எதுவும் தப்பு பண்ணலை. ஆனா கோர் எண்ணிக்கை இங்க பிரச்சினையே இல்லை. பிரச்சினை, இன்டரப்ட் எந்த கோருக்குப் போகுதுங்கறதுதான்.

இன்டரப்ட்னா தமிழ்ல குறுக்கீடு. சிபியு ஏதோ ஒரு வேலையில் மூழ்கியிருக்கு. அப்போ நெட்வொர்க் கார்டுக்கு ஒரு பாக்கெட் வந்து சேருது. "கையில இருக்கறத அப்படியே வச்சிட்டு என்னைக் கவனி"ன்னு கார்டு குரல் கொடுக்கும். வீட்டுல காலிங் பெல் அடிக்கற மாதிரி. வீட்டுல ஒரே ஆள்னா கேள்வியே இல்லை. நாலு பேர் இருந்தா யார் எழுந்து போறது? நிறைய வீடுகளில் இதுக்குப் பதில் எல்லாருக்கும் தெரியும்: அம்மா. மத்த மூணு பேரும் சோஃபாவில் உட்கார்ந்து ஃபோன் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. உங்க சர்வரில் ஜீரோவாவது கோர்தான் அந்த அம்மா.

1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் இந்தக் கேள்வி எழவே இல்லை. 8259-ன்னு ஒரு சிப். உள்ளே வர 8 ஒயர், சிபியுவுக்குப் போக ஒரே ஒயர். 1984-ல் வந்த ஏடி மாடலில் ரெண்டு சிப்பைச் சங்கிலி மாதிரி கோர்த்து, 15 சாதனங்கள் வரைக்கும் இணைக்க முடிஞ்சது. அப்பவும் பெல் சத்தம் கேக்கறது ஒரே ஆளுக்குத்தான்.

தொண்ணூறுகளில் ஒரே போர்டில் ரெண்டு, நாலு சிபியு வைக்க ஆரம்பிச்சதும் இன்டெல் 'ஏபிக்'ங்கற ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. ஒவ்வொரு சிபியுவுக்குள்ளும் ஒரு லோக்கல் ஏபிக், அதாவது ஆளுக்கொரு காது. போர்டில் தனியா ஒரு ஐஓ ஏபிக். அதுக்குள்ள ஒரு அட்டவணை இருக்கு. ஒரு பிரபலமான மாடலில் 24 வரிசை. ஒவ்வொரு வரிசையும் 64 பிட். "இந்த ஒயரில் சிக்னல் வந்தா இந்த சிபியுவுக்கு, இந்த எண்ணோட அனுப்பு"ன்னு அதில் எழுதியிருக்கும். இன்டரப்ட் ரூட்டிங்னு சொல்றது அடிப்படையில் இந்த அட்டவணையைத்தான். அதை நிரப்பறது ஆப்பரேட்டிங் சிஸ்டம். எல்லா வரிசையிலும் ஜீரோன்னு எழுதி வச்சா, 64 கோர் இருந்தாலும் ஓடறது ஒருத்தர்தான்.

இதை வெறும் ஹார்ட்வேர் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. இதை ஒட்டி ஒரு பெரிய மானப் பிரச்சினையே நடந்திருக்கு. 1999 ஏப்ரலில் மைண்ட்கிராஃப்ட்னு ஒரு கம்பெனி, விண்டோஸ் என்டி-யையும் லினக்ஸையும் மோதவிட்டு ஒரு ரிப்போர்ட் போட்டது. நாலு சிபியு, நாலு நெட்வொர்க் கார்டு உள்ள ஒரே சர்வர். ஃபைல் சர்வரா என்டி 2.5 மடங்கு வேகம், வெப் சர்வரா 3.7 மடங்கு வேகம்னு முடிவு. பணம் கொடுத்தது மைக்ரோசாஃப்ட்னு தெரிஞ்சதும் லினக்ஸ்காரங்க கொதிச்சுப் போனாங்க. நியாயமான கோபம். என்டி பக்கம் ஒரு கார்டுக்கு ஒரு சிபியுன்னு கட்டி வச்சு, நல்லா ட்யூன் பண்ணியிருந்தாங்க. லினக்ஸ் பக்கம் அந்த அளவு அக்கறை காட்டலைன்னு புகார். சரி, லினக்ஸ் ஆட்களையும் கூப்பிட்டு அதே வருஷம் மறுபடி டெஸ்ட் வச்சாங்க. அப்பவும் என்டிதான் முன்னாடி.

காரணம் கசப்பா இருந்தது. அன்றைய 2.2 கெர்னலில் நெட்வொர்க் கோடு ஒரே பூட்டுக்குள்ள இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு சிபியு மட்டும்தான் உள்ளே போகலாம். பெல் அடிச்சதும் நாலு பேரும் எழுந்தாலும் வாசல் கதவு ஒருத்தர் நுழையற அகலம்தான். 2001 ஜனவரியில் வந்த 2.4 அந்தப் பூட்டை உடைச்சது. எந்த இன்டரப்ட் எந்த சிபியுவுக்குன்னு நாமே எழுதி மாத்தக்கூடிய ஃபைலும் அந்தத் தலைமுறையில்தான் கைக்கு வந்தது. 'எஸ்எம்பி அஃபினிட்டி'ன்னு பேர். என் கருத்தைக் கேட்டா, அந்த அவமானம் லினக்ஸுக்கு நல்லதுதான் பண்ணிச்சு.

"அப்போ வர்ற பாக்கெட்டை எல்லாம் வரிசையா ஆளுக்கொண்ணா பிரிச்சுக் கொடுத்துட்டா முடிஞ்சது இல்லையா?"ன்னு உங்களுக்குத் தோணும். எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணிச்சு. பண்ணக் கூடாது. ஒரு வீடியோ டவுன்லோடில் ஆயிரக்கணக்கான பாக்கெட் வருது, எல்லாம் ஒரே கனெக்‌ஷன். அதோட விவரம் எல்லாம் ஒரு கோரின் கேஷ் மெமரியில் சூடா இருக்கு. அடுத்த பாக்கெட் வேற கோருக்குப் போனா அந்த விவரத்தை அங்கிருந்து இழுத்துட்டு வரணும். அதுக்குள்ள நாலாவது பாக்கெட் மூணாவதுக்கு முன்னாடி முடிஞ்சு, வரிசையும் குலையும். டிசிபி அதைப் பார்த்து "ஏதோ தொலைஞ்சு போச்சு"ன்னு நினைச்சு, திருப்பி அனுப்பச் சொல்லும். சமமாப் பிரிக்கப் போய் வேகம் குறைஞ்சதுதான் மிச்சம்.

அதனால இன்றைய கார்டுகள் ஒவ்வொரு பாக்கெட்டின் அனுப்புநர், பெறுநர் முகவரி, போர்ட் எண்களை வச்சு ஒரு ஹேஷ் கணக்குப் போடும். விடையைப் பொறுத்து பாக்கெட் ஒரு க்யூவுக்குப் போகும். ஒரே கனெக்‌ஷன்னா எப்பவும் ஒரே க்யூ. ஒவ்வொரு க்யூவுக்கும் தனி இன்டரப்ட், அதுக்குன்னு ஒரு கோர்.

அத்தனை இன்டரப்ட்டுக்கு ஒயர் எங்கே போறது? ஒயரே வேண்டாம்னு ஆக்கினதுதான் எம்எஸ்ஐ. கார்டு ஒரு குறிப்பிட்ட மெமரி முகவரியில் ஒரு எண்ணை எழுதும், அவ்வளவுதான். எந்த சிபியுன்னு முகவரிக்குள்ளேயே இருக்கும். என்ன விஷயம்னு எழுதற எண்ணில் இருக்கும். டெலிவரிக்காரர் பெல் அடிக்காம பார்சலுக்கு உரியவரின் மொபைலுக்கே கூப்பிடற மாதிரி. எம்எஸ்ஐ-யில் ஒரு சாதனத்துக்கு 32 வரைக்கும். அதுக்கு அடுத்து வந்த எம்எஸ்ஐ-எக்ஸில் 2048 வரைக்கும்.

இப்போ நம்ம தம்பி மெஷினுக்கு வருவோம். ப்ராக் ஃபோல்டரில் 'இன்டரப்ட்ஸ்'னு ஒரு ஃபைல் இருக்கு, அதைத் திறந்து அனுப்புங்கன்னு கேட்டேன். ஒரு வரிசைக்கு ஒரு இன்டரப்ட், ஒரு பத்திக்கு ஒரு கோர், கட்டத்துக்குள்ள மெஷின் ஆன் ஆனதில் இருந்து எத்தனை தடவைங்கற கணக்கு. நெட்வொர்க் வரவுக்கு ஒரே ஒரு வரிசை. ஜீரோ கோரில் கோடிக்கணக்கில் எண், மத்த பதினைஞ்சிலும் பூஜ்யம். 'எத்டூல்' வச்சுப் பார்த்தா அந்த விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்திருந்ததே ஒரே க்யூ. ஒரு இன்டரப்ட் எடுத்த கோரிலேயேதான் அந்தப் பாக்கெட்டின் மிச்ச வேலையும் நடக்கும். 'டாப்'பில் 'எஸ்ஐ'ன்னு ஒரு பத்தி இருக்கே, அது ஏறினது அதனாலதான். ஒரே க்யூவுக்கு எத்தனை கோர் வாங்கிப் போட்டும் பிரயோஜனம் இல்லை.

மெஷின் செட்டிங்கில் மல்டி க்யூவை ஆன் பண்ணச் சொன்னேன். அது கிடைக்காத இடத்தில், 2010-ல் கெர்னலுக்குள் வந்த ஆர்பிஎஸ் இருக்கு. கார்டு செய்யற அதே பிரிக்கிற வேலையை சாஃப்ட்வேரில் செய்யும், கொஞ்சம் செலவோட. அவருக்கு மல்டி க்யூவே கிடைச்சது. அடுத்த நாள் ஏழு மணிக்கு ஸ்கிரீன்ஷாட் வந்தது. எந்தக் கோரும் 100-ஐத் தொடலை. மறுபடி 8 கோருக்கே இறங்கலாமான்னு மேனேஜர் கேட்கிறாராம்.

வீட்டுல செய்து பார்க்கப் போறவங்களுக்கு ரெண்டு விஷயம். 'ஐஆர்க்யூ பேலன்ஸ்'னு ஒரு புரோகிராம் பின்னாடி ஓடிக்கிட்டு இருந்தா, சாதாரணமா 10 நொடிக்கு ஒருமுறை அது கணக்குப் பார்க்கும். நீங்க கையால எழுதினதை அதுபாட்டுக்கு மாத்திடும், முதல்ல அதை நிறுத்துங்க. ரெண்டாவது, புதுக் கெர்னலில் என்விஎம்இ டிஸ்க்கோட க்யூ இன்டரப்ட்டை மாத்த முயற்சி பண்ணா எரர் வரும். பதறாதீங்க, அதை எந்த கோருக்கும் நாம மாத்த முடியாதபடி கெர்னலே பங்கு பிரிச்சுப் பூட்டி வச்சிருக்கு.