எண்ணக் கூடாத துப்பாக்கிகள்

அமெரிக்காவில் துப்பாக்கி உரிமை பற்றி நடக்கும் விவாதம் பெரும்பாலும் இரண்டு குரல்களின் மோதலாகவே வெளியுலகத்தின் காதில் விழுகிறது. தன்னையும் தன் குடும்பத்தையும் காத்துக்கொள்ள ஆயுதம் வைத்திருப்பது குடிமகனின் பிறப்புரிமை என்று ஒரு தரப்பும், அந்த உரிமைக்கான விலையைப் பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் உயிரால் கொடுக்கிறார்கள் என்று மறுதரப்பும் வாதாடுகின்றன. இந்த மோதல் உண்மையானதே என்றாலும், கடந்த அறுபது ஆண்டுகளில் அந்நாட்டில் நிறைவேறிய சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பவருக்கு அதன் வேர் வேறோர் இடத்தில் ஓடுவது புலப்படும். யாரிடம் எந்தத் துப்பாக்கி இருக்கிறது என்பதை அரசு அறிந்துகொள்ளலாமா, அறிந்ததை எழுதி வைக்கலாமா, எழுதியதை ஆய்வாளருக்கும் பொதுமக்களுக்கும் காட்டலாமா என்ற கேள்விகளே அந்த வேர்.

ஜெனீவாவிலிருந்து இயங்கும் சிற்றாயுத ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அமெரிக்கப் பொதுமக்களிடம் சுமார் 39 கோடியே 30 லட்சம் துப்பாக்கிகள் இருக்கின்றன. அதாவது நூறு பேருக்கு 120 துப்பாக்கிகள். இது மதிப்பீடு மட்டுமே. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்த நாடு அது. பண்ணைகளில் உள்ள ஆடு மாடுகளைக்கூடக் கணக்கெடுக்கும் நாடு. ஆனால் நாடு முழுவதற்குமான துப்பாக்கிப் பதிவேடு ஒன்றை மத்திய அரசு உருவாக்குவதைச் சட்டமே தடுத்து நிற்கிறது.

உரிமையின் மூலம் 1791இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது அரசியல் சட்டத் திருத்தம். ஒரே வாக்கியமான அதன் முன்பகுதி, நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை சுதந்திரமான அரசின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்கிறது. பின்பகுதி, ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படக் கூடாது என்கிறது. குடிப்படை என்பது சம்பளத்துக்குப் போரிடும் நிலைப்படை அல்ல. உழவரும் கொல்லரும் வணிகரும் அழைப்பு வந்ததும் தத்தம் துப்பாக்கியோடு வந்து அணிவகுக்கும் ஊர்ப்படை. அந்த ஊர்ப்படை மறைந்து நெடுங்காலமாகிவிட்ட பிறகு, முன்பகுதி பின்பகுதியைக் கட்டுப்படுத்துகிறதா என்பதில்தான் சட்ட அறிஞர்கள் பிரிந்தார்கள். குழாய் குறுக்கப்பட்ட ஒரு துப்பாக்கியைப் பற்றிய 1939ஆம் ஆண்டு வழக்கில், அத்தகைய ஆயுதத்துக்கும் குடிப்படைக்கும் தொடர்பு காட்டப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின், 2008இல் ஹெல்லர் வழக்கில், வாஷிங்டன் நகரின் கைத்துப்பாக்கித் தடையைச் செல்லாததாக்கிய அதே நீதிமன்றம், குடிப்படையோடு தொடர்பில்லாத தனிமனிதருக்கும் வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை உண்டு என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 2022இல் வந்த புரூயன் தீர்ப்பு அந்த உரிமையை வீட்டு வாசலுக்கு வெளியேயும் கொண்டுசென்றதோடு, இனி எந்தக் கட்டுப்பாடும் அந்நாட்டின் பழைய சட்ட மரபோடு பொருந்துவதாக இருக்க வேண்டும் என்ற புதிய அளவுகோலையும் வகுத்தது.

பழைய மரபே அளவுகோல் என்றால், ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். 1792இல் இயற்றப்பட்ட குடிப்படைச் சட்டம், 18 முதல் 45 வயது வரையுள்ள வெள்ளை ஆண் குடிமக்கள் தம் செலவில் துப்பாக்கி வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று பணித்ததுடன், படைப்பிரிவுகளில் உள்ள ஆயுதங்களும் வெடிமருந்தும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் விதித்தது. அரசியல் சட்டத்தை எழுதிய தலைமுறைக்குத் துப்பாக்கிகளை எண்ணுவது உரிமைக்கு எதிரானதாகத் தோன்றவில்லை.

எண்ணக் கூடாது என்ற இன்றைய நிலை எப்படி இயங்குகிறது என்பதைக் காண மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்பர்க் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் ஆகியவற்றைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப்பின் தடமறியும் மையம் அங்கே இருக்கிறது. கொலை நடந்த இடத்தில் ஒரு கைத்துப்பாக்கி கிடைத்தால், அதன் உடலில் பொறித்த வரிசை எண்ணைக் காவல்துறை இந்த மையத்துக்கு அனுப்புகிறது. கணினியில் எண்ணைத் தட்டினால் உரிமையாளர் பெயர் வந்துவிடும் என்று திரைப்படங்கள் காட்டுவது இங்கே நடப்பதில்லை. மைய ஊழியர் முதலில் தயாரிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, அந்தத் துப்பாக்கி எந்த மொத்த வியாபாரிக்கு விற்கப்பட்டது என்று கேட்கிறார். மொத்த வியாபாரி சில்லறைக் கடையின் பெயரைச் சொல்கிறார். சில்லறைக் கடைக்காரர் தம் பேரேட்டைப் புரட்டி, வாங்கியவர் கையெழுத்திட்ட 4473 எண்ணுள்ள படிவத்தைத் தேடி எடுக்கிறார். அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கி எத்தனை கை மாறியிருந்தாலும், தனிநபர் விற்பனைக்கு மத்தியச் சட்டப்படி பதிவு தேவையில்லை என்பதால், தடம் பெரும்பாலும் முதல் வாங்கியவரோடு அறுந்துவிடுகிறது.

கடையே மூடப்பட்டிருந்தால் அதன் ஏடுகள் மார்ட்டின்ஸ்பர்க்குக்கு வந்து சேரும். அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக வந்து குவியும் அந்த ஏடுகள் பல கோடிப் பக்கங்களாகி, கட்டடத்துக்குள் இடம் போதாமல் வெளியே சரக்குக் கொள்கலன்களிலும் அடுக்கி வைக்கப்பட்டன. பெருவெள்ளத்தில் நனைந்து ஒட்டிக்கொண்ட ஏடுகளும், கையெழுத்து மங்கி வாசிக்க முடியாத ஏடுகளும் அவற்றில் உண்டு. ஊழியர்கள் இவற்றைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றுகிறார்கள். ஆனால் வாங்கியவர் பெயரைக் கொண்டு தேட முடியாதபடி, வெறும் படமாகவே அவை வைக்கப்படுகின்றன. ஆகவே தேடுபவர் திரையில் ஒவ்வொரு பக்கமாக நகர்த்தி, கண்ணால் வாசித்தே வரிசை எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆண்டொன்றுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தட விசாரணைகள் இப்படித்தான் நடக்கின்றன.

இது பணப் பற்றாக்குறையால் வந்த பின்தங்கல் அன்று, சட்டங்கள் உருவாக்கிய நிலை. 1963 நவம்பரில் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது, சிகாகோவில் இருந்த ஒரு கடையின் மைக்ரோஃபிலிம் சுருளை இரவோடு இரவாகப் புரட்டித்தான், கொலைக்குப் பயன்பட்ட ரைஃபிள் பொய்ப் பெயரில் அஞ்சல் வழியாக வாங்கப்பட்டதை எஃப்பிஐ கண்டறிந்தது. மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட 1968இல், அஞ்சல் வழித் துப்பாக்கி விற்பனையைத் தடுத்து, உரிமம் பெற்ற ஒவ்வொரு கடைக்காரரும் விற்பனைப் பதிவு வைக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. அதற்குப் பதிலடியாக 1986இல் வந்த துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம், அந்தப் பதிவுகளை ஒன்றுதிரட்டி மையப் பதிவேடாக மாற்றுவதைத் தடை செய்தது. ஏடு இருக்கலாம், ஆனால் அதில் தேடக் கூடாது என்ற விந்தையான நிலை இந்த இரு சட்டங்களுக்கும் நடுவில் பிறந்ததே.

பதிவேட்டை எதிர்ப்பவரின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. பட்டியல் ஒன்று இருந்தால் பறிமுதல் ஒருநாள் வரும் என்பது அவர்கள் வாதம். அதற்கு வரலாற்றில் சான்று இருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போரின் முதல் வெடி, குடியேற்றவாசிகள் சேர்த்து வைத்திருந்த ஆயுதங்களைக் கைப்பற்ற 1775இல் ஆங்கிலேயப் படை கான்கார்டு ஊரை நோக்கிக் கிளம்பியபோது வெடித்தது. உள்நாட்டுப் போரில் அடிமைத்தளை அறுந்த மறுகணமே, 1865இல், மிசிசிப்பி மாநிலம் விடுதலையான கறுப்பின மக்கள் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டமியற்றி, அவர்களை வெள்ளையர் கும்பல்களுக்கு முன் வெறுங்கையோடு நிறுத்தியது. 1956இல் தம் வீட்டின் மீது குண்டு வீசப்பட்ட பிறகு, துப்பாக்கி எடுத்துச் செல்ல மார்ட்டின் லூதர் கிங் விண்ணப்பித்த அனுமதி அலபாமாவில் மறுக்கப்பட்டது. கலிஃபோர்னியாவில் கறுப்பின உரிமைக்காகப் போராடிய கறுஞ்சிறுத்தைக் கட்சியினர் துப்பாக்கியோடு சட்டமன்றத்துக்கு வந்த 1967இல், தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்துவதைத் தடுத்த சட்டத்தில் கையெழுத்திட்டவர், அன்று ஆளுநராக இருந்த ரொனால்டு ரீகன். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அதிபராக 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. துப்பாக்கி யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அரசு கட்டுப்பாட்டை நாடியது என்ற குற்றச்சாட்டை இந்த வரலாறு எளிதில் மறுக்கவிடாது.

இந்த வாதத்துக்கு இந்தியாவும் சாட்சியாக அழைக்கப்படுவதுண்டு. ஐரோப்பியரை விலக்கிவிட்டு இந்தியரிடம் மட்டும் உரிமம் கேட்ட 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை, ஆங்கில ஆட்சி இழைத்த தீங்குகளில் மிகக் கொடியது எனக் காந்தியடிகள் கண்டித்ததை அமெரிக்கத் துப்பாக்கி உரிமையாளர்கள் விரும்பி எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அதே அவமானத்தை அனுபவித்த நாடு விடுதலைக்குப் பின் எடுத்த முடிவை அவர்கள் சொல்வது அரிது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில், ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமையாகச் சேர்க்க வேண்டும் என்று எச்.வி. காமத் கோரியபோது, அப்படிச் சேர்த்தால் திருடனும் அந்த உரிமையைக் கேட்பான் என்ற தொனியில் அம்பேத்கர் மறுத்தார். கூட்டம் கூடும் உரிமைகூட ஆயுதமின்றிக் கூடும் உரிமையாகவே அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது தமிழகத்தில் வழக்கமான நடைமுறை. எவரிடம் துப்பாக்கி இருக்கிறது என்ற பட்டியலைக் கையில் வைத்திருக்கும் அந்தக் காவல் நிலையம்தான் அமெரிக்கத் துப்பாக்கி உரிமையாளரின் கெட்ட கனவு.

அச்சத்துக்குக் காரணம் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட பிறகும், அறியாமையை வலிந்து காப்பதால் விளையும் இழப்பைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். குற்றத்தில் சிக்கிய துப்பாக்கிகளின் தடங்களை ஆராய்ந்து ஏடிஎஃப் 2000ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. கடைக்காரர்களில் நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டிய, 1.2 விழுக்காட்டினரின் கடைகளிலிருந்தே, தடமறியப்பட்ட துப்பாக்கிகளில் 57 விழுக்காடு வெளியேறியிருந்ததை அது காட்டியது. மற்றவருக்காகத் தன் பெயரில் வாங்கித் தரும் பினாமிக் கொள்முதல் எங்கே மிகுந்திருக்கக்கூடும் என்று தேடத் தொடங்கும் இடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பெரும்பாலான கடைக்காரரும் வாங்குவோரும் நேர்மையானவர்கள் என்பதற்கும் இதுவே சான்று. ஆயினும் 2003 முதல் டியார்ட் திருத்தம் என்று அழைக்கப்படும் நிதிநிலை விதி, இத்தகைய தடத் தரவுகளை ஆய்வாளருக்கும் பொதுமக்களுக்கும் வெளியிடுவதைத் தடுத்தது. கடையில் துப்பாக்கி வாங்குபவருக்குக் குற்றப் பின்னணி உண்டா என்று பார்க்கும் பின்புலச் சோதனையில் ஒருவர் தேறிவிட்டால், அவரை அடையாளம் காட்டும் பதிவை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்றும் அதே விதி கட்டளையிட்டது.

மருத்துவ ஆய்வுக்கும் இதே கதி நேர்ந்தது. வீட்டில் துப்பாக்கி இருப்பது அந்த வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 1993இல் ஓர் ஆய்வு கூறியதும், துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் தேசிய ரைஃபிள் சங்கம் கொதித்தெழுந்தது. 1996இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பணம் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கப் பயன்படக் கூடாது என்று விதித்ததோடு, அம்மையம் துப்பாக்கிக் காய ஆய்வுக்குச் செலவிட்ட அதே 26 லட்சம் டாலரை அதன் ஒதுக்கீட்டிலிருந்து வெட்டியது. தடை வாசகம் ஆய்வை நேரடியாகத் தடுக்கவில்லை. ஆனால் குறிப்பை உணர்ந்த மையம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தத் துறையை விட்டே விலகி நின்றது. அந்த விதிக்குத் தம் பெயரைத் தந்த ஆர்கன்சா மாநில உறுப்பினர் ஜே டிக்கி, பிற்காலத்தில் அதற்காக வருந்துவதாக வெளிப்படையாகச் சொன்னார். 2019 இறுதியில்தான் காங்கிரஸ் இத்துறை ஆய்வுக்கு இரண்டரைக் கோடி டாலர் ஒதுக்கியது.

அந்த இருபது ஆண்டுகளில் விளங்கியிருக்க வேண்டியவற்றுள் முதன்மையானது, துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள் என்பதன் பொருள். 2021இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கொலையுண்டவர்கள் 20,958 பேர். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பலருக்கு ஓர் அலைபோல் எழுந்து தணிவது. முயன்று பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. ஆனால் துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. அலை எழும் அந்தச் சிறு பொழுதில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறதா, நண்பர் வீட்டில் இருக்கிறதா என்பதே ஒருவர் மறுநாளைப் பார்ப்பாரா என்பதைத் தீர்மானிக்கக்கூடும். கள்ளனுக்கு எதிராக வாங்கிய ஆயுதம் வீட்டிலிருப்பவரையே கொல்வது இப்படித்தான். இரு தரப்பும் மேடையில் மோதும்போது மிகக் குறைவாகப் பேசப்படும் சாவுகளும் இவையே.

2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் நியூடவுன் ஊர்த் தொடக்கப் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு, பின்புலச் சோதனையை இணைய விற்பனைக்கும் துப்பாக்கிக் கண்காட்சி விற்பனைக்கும் விரிவாக்கும் மசோதா வந்தது. மத்தியப் பதிவேடு உருவாக்குவோருக்குப் பதினைந்து ஆண்டுச் சிறை என்று அந்த மசோதாவிலேயே எழுதப்பட்டிருந்தும், இது பதிவேட்டுக்கான முதல் படி என்ற அச்சமே அதற்கு எதிராகப் பரப்பப்பட்டது. 2013 ஏப்ரலில் செனட் அவையில் 54 பேர் ஆதரித்தும், நிறைவேறத் தேவையான 60 வாக்குகள் கிடைக்காமல் அது வீழ்ந்தது.

இப்போது பதிவேட்டுச் சண்டை, பதிவே இல்லாத ஆயுதத்தை நோக்கி நகர்ந்திருக்கிறது. உதிரி பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும், வரிசை எண் இல்லாத ‘கோஸ்ட் கன்’ குற்றக் களத்தில் கிடைத்தால், மார்ட்டின்ஸ்பர்க் ஊழியர் அழைப்பதற்குத் தயாரிப்பாளரும் இல்லை, புரட்டுவதற்கு ஏடும் இல்லை. அத்தகைய பாகத் தொகுப்புகளுக்கும் வரிசை எண்ணும் விற்பனைப் பதிவும் வேண்டும் என்று ஏடிஎஃப் 2022இல் கொண்டுவந்த விதியை, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் நிலைநிறுத்தியது. இருபது ஆண்டுக்குப் பின் பழைய படிவங்களை அழித்துவிடலாம் என்றிருந்த சலுகையும் அதே 2022ஆம் ஆண்டு விதியால் நீங்கியதால், கடைக்காரர் தம் கடை மூடும் வரை எல்லாப் பக்கங்களையும் காத்து வைக்க வேண்டியிருக்கிறது. கடை மூடும் நாளில் அவை அனைத்தும் அட்டைப் பெட்டிகளில் ஏறி மார்ட்டின்ஸ்பர்க்குக்குப் போகும். அங்கே படமெடுக்கப்பட்டு, பெயரால் தேட முடியாத பக்கங்களோடு போய்ச் சேரும்.