திராட்சைச் சாற்றைப் பொங்க வைப்பது எது?
ஆர்புவாவில் ஒரு நாள்

பனையிலிருந்து இறக்கும் பதனீரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதனீர். தடவாவிட்டால் சில மணி நேரத்திற்குள் நுரைத்துப் பொங்கிக் கள்ளாகிவிடும். அதில் யாரும் எதையும் சேர்ப்பதில்லை. பிறகு பொங்க வைத்தது எது? பாளையின் சாற்றிலேயே அது இருந்ததா, அல்லது வெளியிலிருந்து வந்து சேர்ந்ததா?

இதே கேள்வி ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய விஞ்ஞானிகளைப் பிரித்து வைத்தது. அதற்கு விடை தேடி 1878ஆம் ஆண்டில் ஒரு திராட்சைத் தோட்டத்தின் மேல் கண்ணாடி வீடுகளைக் கட்டினார் ஒருவர். அந்தத் தோட்டம் இருக்கும் ஊருக்குத்தான் இன்று நாம் போகப் போகிறோம். ஒயின் செய்யும் ஊர்தான். ஆனால் நாம் குடிக்கப் போவதில்லை, பார்க்கப் போகிறோம். காலை முதல் மாலை வரை ஒரு நாள் போதும்.

பிரான்சின் கிழக்கே, சுவிட்சர்லாந்தின் எல்லையை ஒட்டி வளைந்து கிடக்கிறது ஜூரா மலைத்தொடர். அதன் மேற்குச் சரிவில், சமவெளிக்கும் முதல் மேட்டு நிலத்திற்கும் இடையே, வடக்கு தெற்காக ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு நாடாவைப் போல நீண்டிருக்கின்றன திராட்சைத் தோட்டங்கள். அவற்றின் நடுநாயகமான சிற்றூர் ஆர்புவா. அக்டோபர் மாதத் தொடக்கத்தில் ஒரு காலை வேளையில் பெசான்சோன் நகரிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். பனி இன்னும் விலகவில்லை.

முதலில் காலடியைப் பாருங்கள். சரிவுகளின் மேற்பகுதியில் சுண்ணாம்புப் பாறை. அதன் கீழே, கொடிகள் வேரூன்றி நிற்கும் இடத்தில், சாம்பலும் நீலமும் கலந்த களிமண். இரண்டும் ஒரு பழைய கடலின் அடியில் படிந்தவை. உழுத மண்ணில் வளைந்த சிப்பிகள் கிடைக்கும். கடல் அல்லியின் தண்டு உடைந்து விழுந்த, ஐந்து முனை நட்சத்திரம் போன்ற சின்னஞ்சிறு துண்டுகளும் கிடைக்கும். இராட்சத ஊர்வன உலவிய காலத்தை ஜுராசிக் காலம் என்கிறோமே, அந்தப் பெயர் இந்த மலையின் பெயரிலிருந்து வந்ததுதான். இந்தச் சரிவில் புலுசார், துரூசோ என்ற கறுப்பு வகைகளும், சார்டனே, சவன்யான் என்ற வெள்ளை வகைகளும் பயிராகின்றன. சவன்யானை மட்டும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். மற்றவற்றைப் பறித்து முடித்த பிறகே பெரும்பாலும் அதன் முறை வரும். மாலையில் அதைச் சந்திப்போம்.

ஊருக்குள் குயிசான்ஸ் என்ற சிற்றாறு ஓடுகிறது. அதன் கரையிலே, தண்ணீரை ஒட்டி நிற்கிறது ஒரு பழைய வீடு. லூயி பாஸ்டரின் தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. அந்தத் தொழிலுக்கு ஓடும் நீர் வேண்டும். அதனால்தான் வீடு ஆற்றங்கரையில் அமைந்தது. 1822இல் டோல் நகரில் பிறந்த பாஸ்டர் வளர்ந்தது இங்கேதான். பாரிசில் பெரும் புகழ் பெற்ற பிறகும் ஆண்டுதோறும் விடுமுறைக்கு இங்கே வருவார். விடுமுறை என்றால் ஓய்வு என்று எண்ணிவிட வேண்டாம். வீட்டிலேயே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக் கொண்டு அங்கேயும் வேலைதான். வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

பாஸ்டர் ஒயினைப் பற்றி ஆராயத் தொடங்கியதற்குக் காரணம் வியாபாரம். பிரெஞ்சு ஒயின்கள் பீப்பாயிலும் புட்டியிலும் கெட்டுப் போய்க் கொண்டிருந்தன. சில புளித்தன, சில கசந்தன, சில எண்ணெய் போல வழவழத்தன. அதனால் ஏற்றுமதி பாதிக்கப்பட்டது. காரணம் கண்டுபிடிக்குமாறு 1863இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் பாஸ்டரைக் கேட்டுக் கொண்டார். பாஸ்டர் தம் மாணவர்கள் சிலரை அழைத்துக் கொண்டு எங்கே போனார் என்கிறீர்கள்? தமக்குத் தெரிந்த குடியானவர்கள் இருக்கும் ஆர்புவாவுக்குத்தான். ஒரு பழைய காப்பிக் கடையின் அறையே ஆய்வுக்கூடம். கருவிகளை ஊர்த் தச்சரும் தகரவேலைக்காரரும் செய்து கொடுத்தார்கள். கெட்ட ஒயினில் ஒரு துளி எடுத்து நுண்நோக்கியில் பார்த்தபொழுது, ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு வகை நுண்ணுயிர் இருப்பது தெரிந்தது. ஒயினை 50 முதல் 60 டிகிரி சென்டிகிரேடு வரை சிறிது நேரம் சூடாக்கினால் அவை மடிந்தன, ஒயின் கெடவில்லை. பாஸ்டர் சூடாக்கியது ஒயினைத்தான்; பாலை அல்ல. பாலுக்கு அம்முறையைப் பின்னால் வந்தவர்கள் கையாண்டார்கள். நம் வீட்டுக்குக் காலையில் வரும் பால் உறையில் அச்சாகியிருக்கும் ‘பாஸ்டரைஸ்டு’ என்ற சொல்லின் பிறப்பிடம் இந்தத் திராட்சை ஊர். விந்தை என்னவென்றால், இன்று உயர்ந்த ரக ஒயின்களை யாரும் அப்படிச் சூடாக்குவதில்லை. தூய்மையான முறைகள் வந்துவிட்டன. சூடு மணத்தைக் கெடுக்கும் என்கிறார்கள்.

வீட்டைப் பார்த்தாயிற்று. இனி ஊருக்கு வெளியே நடப்போம். ரொசியேர் என்ற இடத்தில் பாஸ்டர் 1874இல் ஒரு சிறு திராட்சைத் தோட்டம் வாங்கினார். இன்றும் அங்கே திராட்சை பயிராகிறது. நம் பயணத்தின் முக்கியமான இடம் இதுதான். சற்று நின்று பார்க்க வேண்டும்.

குளோது பெர்னார் என்பவர் உடலியலில் பாஸ்டருக்கு நிகரான மேதை, நண்பரும்கூட. அவரும் ஒரு திராட்சைக் குடியானவரின் மகனே. 1878 பிப்ரவரியில் அவர் காலமானார். அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளை ரசாயன நிபுணர் பெர்த்தலோ அதே ஆண்டு ஜூலையில் வெளியிட்டார். ஈஸ்ட் என்னும் உயிர் இல்லாமலேயே திராட்சைச் சாற்றில் ஆல்ககால் உண்டாகும், பழத்திலேயே கரைந்த நிலையில் இருக்கும் ஏதோ ஒரு பொருளே அதற்குப் போதும் என்ற கருத்து அக்குறிப்புகளில் இருந்தது. ஈஸ்ட் என்ற உயிரின் வாழ்க்கையே நொதித்தல் என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லி வந்தவர் பாஸ்டர். இறந்துபோன நண்பரோடு வாதாட முடியாது. சோதனை செய்து பார்க்கலாம். ஆனால் அதற்கும் அவகாசம் குறைவு. திராட்சை அப்பொழுது காயாக இருந்தது. காய்ப் பருவத்தில் பழத்தோலின் மீது நொதிக்கும் ஈஸ்ட் இருப்பதில்லை, பழுக்கும் தறுவாயில்தான் வந்து படிகிறது என்பதை பாஸ்டர் முன்பே கண்டிருந்தார். ஆகவே பழுப்பதற்கு முன் கொடியை மூடிவிட வேண்டும்.

பாரிசில் அவசரமாகக் கண்ணாடி வீடுகளைச் செய்யச் சொன்னார். ஆகஸ்டு தொடக்கத்தில் அவை இந்தத் தோட்டத்தில் சில கொடிகளின் மேல் கூடாரம் போல எழுந்தன. வெயில் உள்ளே போகும், தூசி போகாது. அது மட்டும் போதாதென்று, உள்ளே இருந்த குலைகளில் சிலவற்றை, சூடாக்கிக் கிருமி நீக்கிய பஞ்சால் சுற்றியும் வைத்தார். பிறகு காத்திருந்தார்.

அக்டோபர் 10ஆம் தேதி குலைகளைப் பறித்தார்கள். வெளியே திறந்த வெளியில் பழுத்த குலைகளை நசுக்கிக் குழாய்களில் வைத்தபொழுது, 36 முதல் 48 மணி நேரத்திற்குள் சாறு பொங்கத் தொடங்கியது. கண்ணாடி வீட்டுக்குள் பஞ்சு சுற்றிப் பழுத்த குலைகளின் சாறு அப்படியே கிடந்தது. பஞ்சு சுற்றாத உள்குலைகளிலும் ஆல்ககால் நொதித்தல் தோன்றவில்லை.

இங்கே நீங்கள் ஒரு தடை எழுப்பலாம். கண்ணாடி வீட்டின் வெப்பத்தில் பழமே ஏதோ மாறிவிட்டது என்று சொல்லக் கூடாதா? பாஸ்டருக்கும் அந்த ஐயம் எழாமல் இல்லை. உள்ளே பழுத்த குலைகள் சிலவற்றைக் கொண்டுபோய், வெளியே உள்ள கொடிகளில் கட்டித் தொங்கவிட்டார். சில நாட்கள் காற்று பட்டபின் நசுக்கினார். இப்பொழுது சாறு பொங்கியது! பழத்தில் குறை இல்லை. விருந்தாளி வந்து சேராததுதான் குறை. என்னைக் கேட்டால், முதல் சோதனையைவிட இந்த இரண்டாவது சோதனைக்குத்தான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

அந்த விருந்தாளி எப்படி வருகிறது? காற்றிலும் தூசியிலும் வருகிறது என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். காயமில்லாத பழத்தின் தோலில், ஒயினைச் செய்து முடிக்கும் அந்தக் குறிப்பிட்ட ஈஸ்ட் மிக அரிதாகவே காணப்படுகிறது என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. 2012இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இன்னும் சுவையானது. குளவிகள் பழுத்த திராட்சையைக் கடித்துத் தின்னும்பொழுது அந்த ஈஸ்ட் அவற்றின் குடலுக்குள் போகிறது. பனிக்காலம் முழுவதும் அங்கேயே உயிரோடு தங்குகிறது. தாய்க் குளவி ஊட்டும்பொழுது அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேருகிறது. அப்படியானால் பாஸ்டரின் கண்ணாடி தூசியை மட்டுமா தடுத்தது? குளவியையும் அல்லவா தடுத்திருக்கும்!

பெர்னாரின் கதி என்ன? அவர் முற்றிலும் தவறு என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். அது நியாயமல்ல. 1897இல் ஜெர்மனியில் எட்வர்டு புக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, உயிரணு இல்லாத சாற்றை மட்டும் எடுத்தார். அதில் சர்க்கரையைப் போட்டதும் குமிழிகள் கிளம்பின. சர்க்கரையைப் பிளப்பது கரையக் கூடிய ஒரு பொருள்தான். நொதி என்கிறோமே, அதுதான். பெர்னார் அதைப் பழத்துக்குள் தேடினார். அது ஈஸ்ட்டுக்குள் இருந்தது. புக்னருக்கு 1907இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 1907இல் நம் குன்னூரில், வெறிநாய்க் கடிக்கு மருந்து கொடுக்க, பாஸ்டர் பெயரால் ஒரு நிலையம் தோன்றியது. அது வேறு கதை.

பிற்பகல் ஆகிவிட்டது. தெற்கே போகும் சாலையில் பொலிஞி என்ற ஊரைக் கடக்கிறோம். கோந்தே என்ற பாலாடைக் கட்டிக்குப் பேர்போன ஊர் அது. சக்கரம் சக்கரமாக அடுக்கி முதிர வைக்கிறார்கள். அதற்கே ஒரு நாள் வேண்டும். நாம் நிற்காமல் போவோம்.

ஒரு செங்குத்தான பாறையின் உச்சியில் இருக்கிறது ஷாத்தோ ஷலோன் என்ற சின்னஞ்சிறு கிராமம். கீழே சரிவெல்லாம் சவன்யான். இதன் சாற்றிலிருந்து ‘மஞ்சள் ஒயின்’ ஒன்றைச் செய்கிறார்கள். பாஸ்டரின் பாடங்கள் அனைத்தையும் மீறுவது போன்ற ஒயின் இது.

எந்த ஒயின் தயாரிப்பாளரும் பீப்பாயைத் தளும்ப நிரப்பி வைப்பார். மரத்தின் வழியே கசிந்து ஆவியாகும் அளவுக்கு அவ்வப்பொழுது மேலும் ஊற்றுவார். காற்றுக்கு இடம் விட்டால் ஆல்ககாலைக் காடியாக்கும் பாக்டீரியா குடியேறிவிடும் என்ற அச்சம்தான் காரணம். இந்த நிலவறையிலோ, பீப்பாயை நிரப்பாமலே விட்டுவிடுகிறார்கள். குறையக் குறைய ஒயினுக்கு மேலே காற்று சேருகிறது. அப்பொழுது ஒயினின் மேற்பரப்பில் மெல்லிய, வெளிர் சாம்பல் நிறமுள்ள ஓர் ஆடை படிகிறது; ஆறின பாலின் ஆடையைப் போல. அது ஈஸ்ட்தான். சர்க்கரை தீர்ந்துபோன நிலையில் அதன் உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி மிதக்கின்றன. மேலே உள்ள ஆக்சிஜனையும் கீழே உள்ள ஆல்ககாலையும் கொண்டு வாழ்கின்றன. ஆக்சிஜன் அவ்வளவாகக் கீழே இறங்க இந்த ஆடை விடாது. ஆடை நன்றாகப் படிந்தால் மஞ்சள் ஒயின். அது படியாமல் காடிப் பாக்டீரியா முந்திக்கொண்டால் காடி. இரண்டும் திரவத்தின் மேல் ஆடையாகவே படியக் கூடியவை. அவற்றை வேறு வேறு உயிர்கள் என்று ஆராய்ந்து பிரித்துக் காட்டியவரும் பாஸ்டரே. எல்லாப் பீப்பாயும் தப்புவதில்லை. ஆகவே அடிக்கடி சிறிது எடுத்துச் சோதித்துப் பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும்.

நிலவறைக்குள் நுழைந்ததும் மூச்சை இழுத்துப் பாருங்கள். வாதுமைக் கொட்டையின் மணம். அதோடு, நம் சமையலறையில் வெந்தயம் வறுக்கும் மணம்! பிரமை அல்ல. வெந்தயத்துக்கு அந்த மணத்தைக் கொடுக்கும் சோட்டலோன் என்ற அதே பொருள்தான் இந்தப் பீப்பாய்களிலும் உண்டாகிறது. ஈஸ்ட் ஆல்ககாலை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அதிலிருந்து மெல்ல மெல்ல, ஆண்டுக் கணக்கில், சோட்டலோன் பிறக்கிறது.

இந்த ஒயினுக்கென்று தனிப் புட்டி உண்டு. கிளாவ்லான் என்று பெயர். குட்டையாக, அகன்ற தோளோடு இருக்கும். அதன் கொள்ளளவு 62 சென்டிலிட்டர். ஒரு லிட்டர் வைத்தால் கடைசியில் மிஞ்சுவது இவ்வளவுதான் என்று ஊரார் கணக்குச் சொல்வார்கள். மிஞ்சியது மட்டும் நெடுநாள் நிற்கும். 1774ஆம் ஆண்டுத் திராட்சையில் செய்த புட்டி ஒன்று 2018இல் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போனது. ஆனால் பழம் சரியில்லாத ஆண்டில் ஷாத்தோ ஷலோன் என்ற பெயரையே புட்டியில் போட மாட்டார்கள். 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளின் அறுவடைக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை.

வெயில் சாய்கிறது. கீழே சரிவில் சவன்யான் குலைகளைக் கத்தரித்துக் கூடைகளில் போட்டுக் கொண்டிருக்கிறார்கள். விதிப்படி இன்றைய அறுவடைக்கு அடுத்து வரும் ஆறாம் ஆண்டின் டிசம்பர் 15ஆம் தேதி வரை இந்தச் சாறு மரப் பீப்பாயில் இருந்தாக வேண்டும். அதில் ஐந்து ஆண்டுகளாவது அந்த ஆடையின் கீழ் கழிய வேண்டும். இப்பொழுது நம்முடன் வந்திருக்கும் ஆறாம் வகுப்பு மாணவர், அந்தப் பீப்பாயைத் திறக்கும் நாளில் பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு எழுதிக் கொண்டிருப்பார்.