போலின் ஆலிவெரோஸ்: மின்னணு இசையும் செவிமடுத்தலும்

மின்னணு இசையின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அமெரிக்க இசையமைப்பாளரும் அக்கார்டியன் கலைஞருமான போலின் ஆலிவெரோசின் (1932–2016) பணியை அவ்வாறு சுருக்கிவிட இயலாது. அவர் கருவியினும் செவியையே முதன்மையாகக் கொண்டார் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

டெக்சாஸ் மாநிலத்து ஹியூஸ்டனில் பிறந்த அவருக்கு 1950களில் தாயார் ஒலிநாடாப் பதிவுக்கருவி ஒன்றைப் பரிசளித்தார். சன்னலில் ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்தபோது, தம் காதில் விழுந்தும் கருத்தில் பதியாத ஒலிகள் பல நாடாவில் இருக்கக் கண்டார். அவருடைய வாழ்நாள் தேடலுக்கு இதுவே தோற்றுவாய் எனலாம்.

1962இல் ரமோன் செண்டரும் மார்ட்டன் சுபோட்னிக்கும் நிறுவிய சான் பிரான்சிஸ்கோ நாடா இசை மையத்தில் ஆலிவெரோஸ் தொடக்கம் முதலே பங்கேற்றார். 1966இல் அம்மையம் மில்ஸ் கல்லூரிக்கு மாறியபோது அதன் இயக்குநரானார். நாடாவைத் துண்டுதுண்டாக வெட்டி ஒட்டி இசையமைப்பதே அக்காலத்தில் பெருவழக்கு. அவரோ நிகழ்த்தும்போதே இசையைப் படைத்தார். ஒரு கருவியில் பதிவாகும் நாடாவைச் சற்றுத் தொலைவிலுள்ள மற்றொரு கருவியின் வழியாகவும் ஓடச் செய்தால், பதிவான ஒலி சில வினாடிகள் கழித்து மீண்டும் ஒலிக்கும். அதன்மேல் புதிய ஒலியைச் சேர்த்துச் சேர்த்து இசையை அடுக்கலாம்.

'பை பை பட்டர்ஃபிளை' (1965) இம்முறையில் அமைந்தது. அலையியற்றிகளின் ஒலிக்கிடையே புச்சினியின் 'மடாம் பட்டர்ஃபிளை' இசைநாடகத் தட்டும் சுழல்கிறது. ஆடவனால் கைவிடப்பட்டு உயிர்துறக்கும் பெண்ணின் கதை அது. 19ஆம் நூற்றாண்டு இசைக்கு மட்டுமன்றி, அக்காலம் பெண்மீது சுமத்திய ஒடுக்குமுறைக்கும் இப்படைப்பு விடைகொடுப்பதாக அவரே பின்னர் விளக்கினார். 1970இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில், இசையமைப்பாளரைப் 'பெண்' என அடைகொடுத்துத் தனிமைப்படுத்துவதை அவர் கண்டித்ததையும் இதனோடு இணைத்து நோக்குதல் தகும்.

வியட்நாம் போர்க்காலக் கொந்தளிப்பில் அவர் நெடிய ஒற்றைச் சுரங்களை நாடினார். 1974இல் வெளிவந்த 'சோனிக் மெடிடேஷன்ஸ்' இசைக்குறியீடின்றி, எவரும் பின்பற்றத்தக்க உரைநடைக் குறிப்புகளாலானது. 1988இல் வாஷிங்டன் மாநிலத்தில், எதிரொலி ஏறத்தாழ 45 வினாடிகள் நீடிக்கும் நிலத்தடி நீர்த்தொட்டி ஒன்றுக்குள் இறங்கித் தம் குழுவினருடன் இசைத்தார். 'டீப் லிசனிங்' என்னும் இசைத்தட்டு அங்கே உருவானது. அப்பெயரே அவர்தம் கோட்பாட்டுக்கும் பெயராயிற்று. இதனை 'ஆழ்ந்து செவிமடுத்தல்' எனலாம்.

ஒலி காதில் விழுவது தானே நிகழ்வது. செவிமடுப்பது பயின்று பெறுவது என அவர் வேறுபடுத்தினார். தமிழில் 'கேட்டல்' என்னும் ஒரு சொல்லே இரண்டனையும், வினவுதலையும்கூடக் குறிக்கின்றது. வகுப்பறையில் கேட்டல் திறனைப் பெரும்பாலும் வினாவுக்கு விடை கூறுவதைக்கொண்டே அளவிடுகிறோம். மாணவர் எதைச் செவிமடுத்தனர், எதைத் தவறவிட்டனர் என்பதையும் நாம் கேட்டறிதல் வேண்டும். ஆலிவெரோசின் பணி மொழியாசிரியர்க்கும் உரியதாவது இங்கேதான்.