சாலைக்கு முன்னால் வரைபடம் வருகிறது



போன மாதம் எங்கள் ஊர் டீக்கடையில் பக்கத்து வயல்காரர் கேட்டார்: "இன்னா சார், அந்தாண்ட கல்லு நட்டுட்டுப் போயிருக்காங்களே, ஏக்கருக்கு எவ்ளோ குடுப்பாங்க?" முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் இருந்தவன் என்பதால் பணம் பற்றிய கேள்வியெல்லாம் என்னிடம்தான் வரும். அவருக்குத் தெரிந்த அளவு பதில் சொன்னேன். ஆனால் அது கல் நட்ட பிறகு கேட்கிற கேள்வி. கல் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே யாரோ ஒருவர் மேசைமேல் விரித்த வரைபடத்தில் கோடு போட்டிருப்பார். அந்தக் கோடு போடுகிற நேரத்தில்தான் நமக்குக் கொஞ்சம் பேச்சு உண்டு. அந்த நேரத்தில் நாம் நாற்றங்காலில் இருப்போம், அல்லது ஏரித் தண்ணீருக்கு முறை வைத்துக்கொண்டு இருப்போம்.

சோழவரம் என்றைக்குமே பிறர் போட்ட திட்டத்துக்குள் இருக்கிற ஊர்தான். 1870களில் கொசஸ்தலை ஆற்றைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பி, சோழவரம் ஏரி வழியாகச் செங்குன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். சென்னைக்குக் குடிநீர். இரண்டாம் உலகப் போரில் இங்கே விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்ததும் அதே ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்தது. சென்னையிலிருந்து கூட்டம் கூட்டமாக வருவார்கள். இன்றைக்கு ஜி.என்.டி. சாலையின் இரண்டு பக்கமும் கிடங்குகளும் கன்டெய்னர் யார்டுகளும். நகரத்துக்கு என்ன தேவையோ, அதற்கு இந்த மண் இடம் கொடுத்தே வந்திருக்கிறது. இந்த மண்ணுக்கு என்ன தேவை என்று வரைபடத்தில் எழுதுவதுதான் நடக்கவில்லை.

முதலில் யார் கோடு போடுகிறார்கள் என்று பார்ப்போம். 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம்தான் அடிப்படை. அதன்கீழ் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், நாம் சொல்லும் சி.எம்.டி.ஏ., முழுமைத் திட்டம் தயாரிக்கிறது. முதல் திட்டம் 1976இல் வந்தது. இரண்டாவது 2008இல் வந்தது, 2026 வரைக்கும் கணக்கிட்டு. இப்போது 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது திட்டத்தின் காலம். சோழவரம் ஒன்றியத்தின் பல ஊர்கள் பழைய 1,189 சதுர கிலோமீட்டர் பெருநகர்ப் பகுதிக்குள்ளேயே இருந்தவை. 2022 அக்டோபரில் அந்த எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். நாம் ஓரத்தில் இருந்தோம், எல்லை நம்மைத் தாண்டிப் போய்விட்டது. மீஞ்சூர், திருவள்ளூர், திருமழிசை போன்ற இடங்களுக்குத் தனியாகப் புதுநகர் வளர்ச்சித் திட்டங்களும் அறிவித்திருக்கிறார்கள்.

முழுமைத் திட்டம் என்பது ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு நிறம் பூசுகிற வேலை. குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, வேளாண்மை, நகர்ப்புறம் அல்லாதது என்று வகைகள் உண்டு. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குத் தனிக் கட்டுப்பாடும் உண்டு. உங்கள் நிலம் வேளாண் வகையில் இருந்தால் மனைப்பிரிவு போட முடியாது என்று நினைக்காதீர்கள். மறுவகைப்பாடு என்று ஒரு கதவு இருக்கிறது. நில உரிமையாளர் விண்ணப்பிப்பார், விளம்பரம் வரும், ஆட்சேபணை இல்லையென்றால் நிறம் மாறும். அந்த விளம்பரத்தை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்?

சாலைக்கு வருவோம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை, செங்குன்றத்துக்கு வடக்கே ஜி.என்.டி. சாலையைக் கடந்து போகிறது. நெமிலிச்சேரியிலிருந்து மீஞ்சூர் வரையான நம் பக்கத்துப் பாதி திறந்தது 2021இல். ஆனால் இப்படி ஒரு வட்டச் சாலை வேண்டும் என்ற எண்ணம் முதல் முழுமைத் திட்டக் காலத்திலேயே உண்டு. நாற்பது ஆண்டுக்கு மேல் அது காகிதத்தில் காத்திருந்தது. இப்போது அதற்கும் வெளியே சென்னை எல்லைச் சாலை. எண்ணூர்த் துறைமுகத்தில் தொடங்கி தச்சூர், திருவள்ளூர், திருப்பெரும்புதூர், சிங்கப்பெருமாள்கோவில் வழியாக மாமல்லபுரம் பக்கம் வரை சுமார் 133 கிலோமீட்டர். தச்சூரிலிருந்து சித்தூருக்கு ஆறுவழிச் சாலை வேறு. ஊத்துக்கோட்டைப் பக்கத்து உழவர்கள் முப்போகம் விளைகிற நிலம் போகிறது என்று அதற்காகப் போராடியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் பார்க்கிற நிலம் அது.

நான் சாலைக்கு எதிரி இல்லை. விடியற்காலை இரண்டு மணிக்குக் கீரைக்கட்டு ஏற்றிக் கோயம்பேட்டுக்குப் போகிறவனுக்குச் சாலையின் அருமை தெரியும். ஆனால் ஒரு சாலை மூன்று வேலை செய்கிறது, அதில் ஒன்றைத்தான் நாம் பார்க்கிறோம். வண்டி போவது கண்ணுக்குத் தெரியும். மற்ற இரண்டும் தெரியாது.

ஒன்று, தண்ணீரை மறிப்பது. திருவள்ளூர் மாவட்டத்தின் நிலச்சரிவு மேற்கிலிருந்து கிழக்கு. கொசஸ்தலையும் ஆரணி ஆறும் அப்படித்தான் ஓடுகின்றன. ஒரு ஏரியின் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்கு வரத்துக்கால்வாயாகிறது. அதுவும் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே. ஜி.என்.டி. சாலையும் ரயில் பாதையும் போவது தெற்கு வடக்காக. வெளிவட்டச் சாலையும் தெற்கிலிருந்து வடக்கே ஏறி வருகிறது. அதாவது ஒவ்வொன்றும் தண்ணீருக்குக் குறுக்கே போட்ட ஒரு கரை. கரையில் எங்கே, எத்தனை அடி அகலத்தில் சிறுபாலம் வைக்கிறார்கள் என்பதில்தான் அடுத்த ஐம்பது ஆண்டு விவசாயம் இருக்கிறது. ஆற்றுக்குப் பாலம் கட்டாயம் வைப்பார்கள். நாலடி வாய்க்காலை யார் கணக்கில் எடுப்பது?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் வயலுக்குக் கிழக்கே ஒரு கிடங்கு எழும்பியது. அவர்கள் மதில் கட்டியபோது ஊர் வாய்க்காலை மூடவில்லை, உண்மைதான். ஒரு குழாய் போட்டு அதன்மேல் வழி அமைத்தார்கள். குழாயின் விட்டம் ஒன்றரை அடி. கிராம வரைபடத்தில் அந்த வாய்க்கால் புறம்போக்கின் அகலம் பத்து அடிக்கு மேல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது என் சீரகச்சம்பா பதினோரு நாள் தண்ணீரில் நின்றது. கதிர் வந்த பயிர். பூச்சிமருந்து வேண்டாம், உப்பு உரம் வேண்டாம் என்று ஏழெட்டு வருடமாக வளர்த்த மண். அந்தப் பதினோரு நாளில் வரப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் இந்த வரைபட வேலையைப் படிக்க வேண்டும் என்று தோன்றியது.

இன்னொன்று, நிலத்தின் கணக்கை மாற்றுவது. சாலை வந்ததும் விலை ஏறும், நல்லதுதானே என்று கேட்பார்கள். விற்பவனுக்கு நல்லது. உழுகிறவனுக்கு அப்படி இல்லை. குத்தகைக்கு நிலம் கிடைக்காது. சொந்தக்காரர் வேலி போட்டுச் சும்மா போட்டுவைப்பார். பத்து வயல் நடுவே நாலு வயல் கருவேலங்காடானால் எலியும் பன்றியும் அங்கிருந்துதான் வரும். வாய்க்கால் தூர்வார ஆள் சேராது. கடைசியில் மிஞ்சியிருப்பவரும் விற்றுவிடுவார். சாலை எடுத்துக்கொண்ட நிலத்தைவிட, சாலையைப் பார்த்து நின்றுபோன நிலம் அதிகம் என்பது எங்கள் ஒன்றியத்தைச் சுற்றி வந்தால் தெரியும்.

இதில் என் பங்கும் உண்டு, சொல்லிவிடுகிறேன். பணியில் இருந்தபோது எத்தனையோ வீட்டுக் கடன்களுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அங்கீகார எண் இருக்கிறதா, மூலப்பத்திரம் சரியா, வில்லங்கம் சுத்தமா, இவ்வளவுதான் பார்ப்போம். அந்த மனைக்குள் கால்வாய் ஓடியதா என்று எந்தப் படிவத்திலும் கேள்வி கிடையாது. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று தடை போட்டதும்தான் எவ்வளவு வயல் எப்படி மனையானது என்று பலருக்கும் உறைத்தது. அடுத்த ஆண்டே வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்துவிட்டன.

வங்கிக்காரன் என்ற முறையில் இன்னும் சில விவரங்கள். "நகரம்" என்ற சொல் நம்மேல் விழுந்தால் என்னென்ன மாறும் என்று கவனியுங்கள். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி சந்தை மதிப்பை ஊரகப் பகுதியில் 1 முதல் 2 வரையான ஒரு எண்ணால் பெருக்குவார்கள். நகர்ப்பகுதி என்றால் பெருக்கம் 1தான். அதன்மேல் 100 சதவீதம் ஆறுதல் தொகை இரண்டுக்கும் உண்டு. ஊராட்சி நகராட்சியோடு சேர்ந்தால் கௌரவம் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்கட்டும். தனியாருக்கு விற்றாலும் கணக்கு உண்டு. 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள மாநகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் 8 கிலோமீட்டருக்குள் இருக்கும் விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி வரும். 2011இல் சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோதே நம் ஒன்றியத்தின் தெற்குப் பக்கத்து ஊர்கள் அந்த வட்டத்துக்குள் போய்விட்டன.

கடன் விஷயமும் இருக்கிறது. சர்ஃபாசி சட்டப்படி நீதிமன்றம் போகாமலே வங்கி அடமானச் சொத்தைக் கையில் எடுக்கலாம். விவசாய நிலத்துக்கு மட்டும் அதில் விலக்கு. ஆனால் ஆவணத்தில் விவசாயம் என்று எழுதியிருந்தால் போதாது, உண்மையில் பயிர் நடக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அதனால் அடங்கலில் ஆண்டுதோறும் உங்கள் பயிரைப் பதிவு செய்ய வையுங்கள். இழப்பீடு கேட்கும் இடத்திலும் அதுதான் சாட்சி. அந்த இழப்பீட்டிலும் மரத்துக்கு மதிப்பு உண்டு, கிணற்றுக்கு உண்டு, நிற்கிற பயிருக்கு உண்டு. மண்ணின் உயிருக்கு ஒரு பத்தியும் இல்லை. அங்ககச் சான்றுக்கு ஆண்டுப் பயிர் என்றால் 2 ஆண்டு, பல்லாண்டுப் பயிர் என்றால் 3 ஆண்டு மாறுகாலம் காத்திருந்து தேற்றிய நிலமும், பக்கத்தில் யூரியா கொட்டிய நிலமும் அந்தப் படிவத்தில் ஒன்றுதான். நிலத் தொகுப்பு என்ற புதிய முறையிலும் அப்படியே. நிலத்தைக் கொடுத்தால் சாலை, வடிகாலோடு சிறிய மனையாகத் திருப்பித் தருவார்கள். வயலாகத் திரும்பி வராது.

நகரம் வளராமல் இருக்காது. எங்கே வளரலாம், எங்கே கூடாது என்று கோடு போட முடியுமா என்றால், போட்ட இடம் உண்டு. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலம் 1973இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றி வளர்ச்சி எல்லை ஒன்றைக் குறிக்க வேண்டும். அதற்கு வெளியே உள்ள விளைநிலம் விளைநிலமாகவே இருக்கும். அந்தச் சட்டத்தை உருவாக்கியதில் முதன்மையானவர் ஹெக்டர் மெக்ஃபர்சன். பால்மாடு வைத்திருந்த விவசாயி, மாநில மேலவை உறுப்பினர். அங்கேயும் எல்லையைத் தள்ளச் சொல்லி ஓயாமல் நெருக்குகிறார்கள், நில உரிமையாளர்களின் கோபமும் உண்டு. நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நகரத்துக்கும் அதில் லாபம் இருக்கிறது என்பது நம் பகுதியில் சொல்லிப் புரியவைக்கக்கூடிய விஷயம். தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர், கன்னிகைப்பேர் என்று சென்னைக்குத் தண்ணீர் கொடுத்த கிணற்று வயல்கள் எல்லாம் இந்த ஆற்றுப் படுகையில்தான். மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. மழையை மண்ணுக்குள் இறக்குகிற வயலை சிமென்ட் போட்டு மூடினால் அந்த உப்பு இன்னும் மேற்கே வரும்.

இனி நடைமுறை. முழுமைத் திட்டமோ புதுநகர்த் திட்டமோ வரைவாக வெளியாகும்போது, எழுத்தில் ஆட்சேபணை சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தேசிய நெடுஞ்சாலை நில எடுப்பில் அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். முன்னதில் கோட்டையே நகர்த்தக் கேட்கலாம். பின்னதில் பெரும்பாலும் விலையைப் பற்றித்தான் பேச முடிகிறது. திட்டத்தில் ஒதுக்கீடு செய்து மூன்று ஆண்டுக்குள் எடுக்காமல் விட்ட நிலம் விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்று அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு சொல்வதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"எங்கள் நிலத்தை எடுக்காதே" என்று மட்டும் எழுதிய மனு ஒரு கட்டோடு கட்டாகப் போய்விடும். புல எண் போட்டு, இந்த வாய்க்கால் இந்த ஏரியிலிருந்து அந்த ஏரிக்குப் போகிறது, அகலம் இவ்வளவு, இங்கே இத்தனை அடிக்குச் சிறுபாலம் வேண்டும், இந்தப் புலங்கள் வேளாண் வகையிலேயே இருக்க வேண்டும் என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதோடு கிராம சபைத் தீர்மானம் ஒன்றையும் இணையுங்கள். சாலையோடு நமக்கு வேண்டியதையும் கேளுங்கள்: டிராக்டரும் மாடும் கடக்க அடிப்பாதை, சர்வீஸ் ரோடு, விடியற்காலைப் பேருந்து, காய்கறி இறக்க ஒரு கொட்டகை.

எங்கள் ஊரில் இந்த வேலையைத் தொடங்கியிருக்கிறோம். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் கிராம வரைபடத்தின் நகல் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஏரிக் கலங்கலிலிருந்து வாய்க்காலோடு நடக்கிறோம். வரைபடத்தில் உள்ள கிளை வாய்க்கால்கள் ஒன்பது. கண்ணுக்குத் தெரிகிறவை ஐந்து. ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்ட வயல்காரர்தான் ஆறாவதைக் கண்டுபிடித்தார். "சின்ன வயசுல எங்க நைனா இதுலதான் மீன் புடிப்பாரு சார்" என்று கருவேல முள்ளை விலக்கிக் காட்டினார். உள்ளே பழைய செங்கல் மதகு ஒன்று, பாதி மண்ணில் புதைந்து இருந்தது. அளந்து குறித்துக்கொண்டோம். மற்ற மூன்றும் மதிலுக்கு உள்ளே இருக்கின்றன. அதற்குச் சர்வேயரைக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.